சித்திரை வெயிலில் ஒன்பது டிகிரி

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று ஃபோர்மேன் சொன்னார். அடுத்த மாதம் நான் தஞ்சாவூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் பாடம் நடத்தப் போகிறேன். அனுபவம் எழுதுகிற வயதா எனக்கு, முப்பத்திரண்டுதானே ஆகிறது என்றேன். "இந்தப் பட்டறையில உன்னவிட அதிகமாத் தப்பு பண்ணவன் நான் ஒருத்தன்தான். எனக்கு எழுத வராது. நீ எழுது" என்றார். அதற்குமேல் மறுக்க முடியவில்லை.

வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரை எங்கே மாட்டுவது, எந்தப் பட்டனை அழுத்துவது என்பதெல்லாம் ஒரு மாதத்தில் உங்கள் விரலுக்கே வந்துவிடும். அதைப் பற்றி எழுத நான் தேவையில்லை. ஒரே ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். அன்று நான் ஒரு தப்பு செய்தேன். பிறகு இன்னொரு தப்பு செய்யாமல் தப்பித்தேன். இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பள்ளிக்கூடத்தில் போட்ட சத்துணவைச் சாப்பிட்டு, அரசாங்கம் கொடுத்த சைக்கிளை மிதித்துப் படித்தேன். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் வகுப்பில் ஐம்பது பையன்களுக்கு நடுவே ஒரே பெண். அப்பா இன்றைக்கும் ஊரில் எவர் வண்டியாவது இருமினால் போதும், "எம்பொண்ணக் கேட்டுச் சொல்றேன்" என்று நடுவில் புகுந்துவிடுவார். இதையெல்லாம் பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமைக்கும் அன்று நடந்ததற்கும் சம்பந்தம் இருக்கிறது.

நான் இங்கே வந்து மூன்றாவது வருடம். ஸ்கேனரை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். சித்திரை மாதம், பதினொரு மணிக்கே தார் ரோடு பளபளத்துக்கொண்டிருந்தது. முத்துப்பேட்டை ரோட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வெள்ளைக் கார் வந்தது. ஓட்டி வந்தவர் முருகையன். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, தோளில் ஒரு மஞ்சள் துணி. அந்தத் துணி காரைத் துடைப்பதற்கு மட்டும் என்று பிறகு தெரிந்தது. பின்சீட்டிலிருந்து இறங்கியவர் காரின் சொந்தக்காரர் ராமலிங்கம். மூன்று வேலி நிலமும் ஒரு தென்னந்தோப்பும் உள்ளவர்.

ராமலிங்கம் நேராக ஃபோர்மேனிடம் வந்தார். முருகையனுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகப் பேசினார்.

"லிட்டருக்குப் பதினாறு குடுத்துக்கிட்டிருந்த வண்டி. மூணு மாசமாப் பன்னெண்டுகூடத் தரல. வண்டில ஒண்ணும் கோளாறு இல்ல, எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் வச்சுப் பாத்து, வண்டி நல்லாருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

"பேப்பர் எதுக்குங்க?" என்றார் ஃபோர்மேன்.

"பத்தொம்பது வருசமா எங்கிட்ட ஓட்டுறான். திடீர்னு வேணாம்னு சொன்னா ஊர்ல கேப்பாங்கல்ல? பெட்ரோல உறிஞ்சி விக்கிறான்னு கூட்டுறவு சங்கத்து வாசல்லயே சொல்லிட்டேன், எங்க ஆதாரம்பாங்க. அதுக்குத்தான்."

முருகையன் பானட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை ஒரு கணம் நின்றது. மறுபடி துடைக்க ஆரம்பித்தது, அதே இடத்தையே.

அவருக்கு எது போகப் போகிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முருகையனின் அப்பா, ராமலிங்கத்தின் அப்பாவிடம் பண்ணை வேலை பார்த்தவர். கூலி உயர்வு கேட்டுச் சிவப்புக் கொடி பிடித்து, அதே பண்ணையின் களத்து வாசலில் உட்கார்ந்தவரும் அவர்தான். குடியிருந்த மனைக்குப் பட்டா அந்தக் காலத்திலேயே வாங்கியாயிற்று. ஆகவே வேலை போனாலும் முருகையனுக்கு வீடு போகாது. வேறு வண்டி ஓட்டிப் பிழைத்துக்கொள்வார். போகப் போவது பேர்தான். திருடன் என்று ஒரு பேப்பரோடு வெளியே அனுப்பப்பட்ட டிரைவருக்கு இந்தப் பக்கத்தில் யார் சாவி கொடுப்பார்கள்?

ராமலிங்கம் என்னைப் பார்த்தார். "மெக்கானிக் எங்க?"

"நான்தான் சார்."

என் வாயில் 'ஐயா' வராது. எல்லாரும் எனக்கு சார்தான்.

"ஓகோ. எந்த ஊரும்மா நீ?"

"பேராவூரணிப் பக்கம் சார்."

"பேராவூரணில யாரு வீட்டுப் பொண்ணு?"

"டிப்ளமோ ஆட்டோமொபைல் சார்."

அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஃபோர்மேன் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

ஸ்கேனரை மாட்டினேன். கோளாறுக் குறியீடு எதுவும் இல்லை. நீங்கள் இப்போது 'கோடு' என்கிறீர்களே, அது. "கோடு இல்லல்ல? எழுதிக் குடுத்து அனுப்பு, அடுத்த வண்டி நிக்குது" என்றார் ஃபோர்மேன். அவர்மேல் தப்பில்லை. அன்று வரிசையில் ஏழு வண்டி.

கருவியைக் கழற்றும் முன் எஞ்சினின் அளவுகளை ஒரு முறை ஓடவிட்டேன். எஞ்சினுக்குள் போகும் காற்று எவ்வளவு சூடு என்று பார்த்து எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு சின்ன சென்சார் உண்டு, காற்று போகும் குழாயில் சுண்டு விரல் அளவில் செருகியிருக்கும். அதன் வரியில் ஒன்பது டிகிரி என்று இருந்தது.

"சார், இங்க பாருங்க" என்று ஃபோர்மேனைக் கூப்பிட்டேன். "ஒம்பது டிகிரி காட்டுது."

அவர் வெளியே வெயிலைப் பார்த்தார். "ஏன், வண்டி நேரா ஊட்டிலேர்ந்து வருதா?"

குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதற்கு அதிகப் பெட்ரோல் வேண்டும். சென்சார் குளிர் என்று சொன்னால் கம்ப்யூட்டர் நம்பி அதிகமாகப் பெட்ரோல் விடும். ஓரளவுக்குத் தானே திருத்திக்கொள்ளும், முழுக்க முடியாது. அளவு ஒரேயடியாக எல்லையைத் தாண்டினால்தான் கோடு போடும். ஒன்பது டிகிரி உலகத்தில் எங்கோ உண்டுதானே, அதனால் அது சந்தேகப்படவில்லை. பட்டுக்கோட்டையில் சித்திரை மாதம் என்பது அதற்குத் தெரியாது. நமக்குத் தெரியும். அதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

நான் காரின் பின்பக்கம் போய் சைலன்ஸர் வாய்க்குள் விரலை விட்டேன். விரல் கறுப்பாக வந்தது, அடுப்புக்கரி தொட்ட மாதிரி. பெட்ரோல் எஞ்சினுக்குள்ளேயே வீணாக எரிந்திருக்கிறது. வெளியே உறிஞ்சி எடுத்த பெட்ரோல் சைலன்ஸரில் கரியாக ஒட்டாது.

இதுவரை நான் செய்தது எல்லாம் சரி. இனிமேல்தான் தப்பு.

என் அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். அவர் வேலை பார்த்த ஒரு பண்ணையில், சாயங்காலம் களத்தைவிட்டுக் கிளம்பும் பெண்கள் புடவை மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். நெல்லை மடியில் கட்டிக்கொண்டு போகிறார்களா என்று பார்ப்பார்கள். அம்மா இதை என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார், பாத்திரம் கழுவிக்கொண்டே, யாருக்கோ நடந்த மாதிரி. நான் மறக்கவில்லை. கரி படிந்த விரலோடு நிமிர்ந்தபோது அந்த மடிதான் என் கண்ணில் இருந்தது. காரைப் பார்க்க வேண்டிய நேரத்தில் நான் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டறை நடுவில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "சார், உங்க டிரைவர் திருடல. சென்சார் கெட்டுப்போச்சு. வண்டிதான் பெட்ரோலக் குடிச்சிருக்கு. புது சென்சார் போட்டா இப்பவே சரியாயிடும். நீங்களே வந்து பாருங்க."

ஃபோர்மேன் கண்ணை மூடிக்கொண்டார். ராமலிங்கம் வந்தார். பக்கத்து வண்டிக்காரர்கள் இரண்டு மூன்று பேரும் வந்து நின்றார்கள். முருகையன் வரவில்லை, ஆனால் துணி அசையவில்லை. நான் பழைய சென்சாரைக் கழற்றிப் புதியதை மாட்டி, சாவியைத் திருப்பி, திரையை ராமலிங்கத்தின் பக்கம் காட்டினேன்.

பத்து டிகிரி.

"ஒரு டிகிரி ஏறியிருக்கு" என்றார் நின்றவர்களில் ஒருவர். சிரித்தார்கள்.

ராமலிங்கம் சிரிக்கவில்லை. "நீ யாரு வீட்டுப் பொண்ணுன்னு கேட்டேன், சொல்லல. இப்பத் தெரிஞ்சுபோச்சு" என்றார். பிறகு ஃபோர்மேனிடம், "நான் போயிச் சாப்பிட்டுட்டு வர்றேன். வரும்போது பேப்பர் ரெடியா இருக்கட்டும்" என்று எதிரே இருந்த ஹோட்டலுக்கு நடந்தார்.

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது, அதனால்தான் வலித்தது. முருகையன் திருடவில்லை என்று நான் விரும்பினேன். விரும்பியதைச் சோதிக்காமல் சொன்னேன். அது முருகையனுக்கு உதவியா? நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர்மேல் இருந்தது சந்தேகம். நான் திறந்து மூடிய பிறகு, அவருக்காக ஒரு மெக்கானிக் பொய் சொல்லி மாட்டிக்கொண்டாள் என்பதும் சேர்ந்துகொண்டது.

ஃபோர்மேன் ஒரு டீயைக் கொண்டுவந்து பேட்டரியின்மேல் வைத்தார். "எனக்குந்தான் அந்தாளப் பாத்தாப் பாவமா இருக்கு. பாவப்பட்டா ரெசிஸ்டன்ஸ் மாறுமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். டீ கொடுத்ததற்காக இன்றைக்கும் அவர்மேல் எனக்குப் பிரியம் உண்டு.

டீயைக் குடித்து முடித்தேன். பிறகு முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். சென்சாருக்கு வரும் பிளக்கைக் கழற்றி அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்தேன். சென்சார் இல்லாமல் வயரை மட்டும் பேசச் சொல்வது அது. வயர் ஒழுங்காக இருந்தால் அளவு நூறு டிகிரிக்கு மேலே பாய வேண்டும். இருபதில் நின்றது. ஆகவே சென்சார் எப்போதும் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அது சொன்னது போகிற வழியில் எங்கோ கெட்டிருக்கிறது.

வயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். எஞ்சினுக்கும் பின்சுவருக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு தடிப்பு. கறுப்பு டேப் சுற்றியிருந்தது, நேர்த்தியாக, சுற்றுக்குமேல் சுற்று ஒரே அளவில். பிரித்தேன். உள்ளே செம்புக் கம்பிகள் முறுக்கி இணைக்கப்பட்டிருந்தன. முறுக்கு முழுவதும் பச்சைக் களிம்பு.

அந்த முறுக்கை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். வயலில் பம்புசெட்டு மோட்டாருக்குப் போகும் வயர் அறுந்தால் நம் ஊரில் எல்லாரும் போடுகிற முறுக்கு அது. மோட்டாருக்கு அது போதும். கரண்டு பலமாகப் பாய்வதால் கொஞ்சம் களிம்பு அதைத் தடுக்காது. ஆனால் சென்சார் வயரில் ஓடுவது நூலிழை மாதிரி ஒரு கரண்டு. தடை, அதாவது ரெசிஸ்டன்ஸ், கூடினால் குளிர் என்பது கம்ப்யூட்டரின் கணக்கு. களிம்பு போட்ட தடையையும் சேர்த்து அதைக் குளிர் என்று படித்துவிடும்.

நிமிர்ந்தால் முருகையன் பக்கத்தில் நிற்கிறார். கண் அந்த முறுக்கிலேயே இருந்தது.

"இதுவா தங்கச்சி?" என்றார். "இதனாலயா?"

"நீங்க போட்டதாண்ணே?"

தலையை அசைத்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். தை மாதம், வயல்களுக்கு நடுவே எரிவாயுக் குழாய் பதிக்க அளவெடுக்க வந்தவர்களை அவர்கள் ஊர் மறித்தது. நிலம் வைத்திருந்தவர்களும் அந்த நிலத்தில் கூலிக்குப் போனவர்களும் ஒரே பந்தலில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ராமலிங்கத்தையும் இன்னும் பலரையும் போலீஸார் பிடித்துக்கொண்டுபோய்ப் பத்து நாள் திருச்சியில் உள்ளே வைத்துவிட்டார்கள். ஊரில் நின்ற வண்டிகளின் நம்பரையெல்லாம் எழுதுகிறார்கள் என்று பேச்சு வரவும், முருகையன் காரை வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளித்து, மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார். அறுப்பு முடிந்த வயலில் எலிகளுக்கு வேறு வேலை இல்லை.

"பத்தாம் நாள் ஐயாவ விடுறாங்கன்னு சேதி வந்துச்சு. வண்டிய எடுக்குறேன், மஞ்ச லைட்டு எரியுது. தொறந்து பாத்தா எலி கடிச்சு வயரு தொங்குது. திருச்சிக்குப் போவணும், நேரமில்ல. ஐயா உள்ளேர்ந்து வர்ற அன்னைக்கு வண்டில எச்சரிக்க லைட்டு எரியலாமா? நானே முறுக்கிச் சுத்திட்டேன். ரெண்டு மூணு நாள்ல லைட்டு அணைஞ்சிருச்சு. சரியாயிருச்சுன்னு விட்டுட்டேன்."

"அப்பறம் ஏண்ணே யார்கிட்டயும் சொல்லல?"

"அவ்வளவு சுத்தமா வேல செஞ்சிருந்தேன், சொல்லணும்னு தோணல" என்றார். பிறகு என் கையில் இருந்த வயரைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, சென்சார்தான் கெட்டுப்போச்சுன்னே எழுதிடு. இதச் சொல்லாத."

"ஏண்ணே? நீங்க திருடலன்னு காட்டுறதே இதுதானே?"

"திருடன்னு சொன்னாரு. அது பொய்னு எனக்குத் தெரியும், அதனால நிமிந்து நின்னுட்டேன். வண்டியக் கெடுத்தது நாந்தான்னா அது நெசமாயிருமே. பத்தொம்பது வருசத்துல இந்த வண்டிக்கும் சரி, இதுக்கு முந்துன வண்டிக்கும் சரி, ஒரு கீறல் விட்டதில்ல நான்."

உண்மையாகச் சொல்கிறேன், செய்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. களிம்பை வெட்டிவிட்டு ஒழுங்காகப் பற்றவைத்தால் திரையில் சரியான அளவு வந்துவிடும். புது சென்சார் ஏற்கெனவே மாட்டியாயிற்று. "புதுசு பழகக் கொஞ்ச நேரம் ஆச்சு சார்" என்று ஒரு வரி சொன்னால் போதும். ராமலிங்கத்துக்கு வித்தியாசம் தெரியாது. முருகையனின் இரண்டு பேரும் தப்பிக்கும், டிரைவர் என்ற பேரும் நேர்மையானவர் என்ற பேரும். அதோடு, இதைக் கவனியுங்கள், என் மானமும் தப்பிக்கும். நான் முதலில் சொன்னது சரி என்று ஆகிவிடும்.

அந்தக் கடைசி லாபம்தான் என்னை நிறுத்தியது. ஒரு பொய்யில் எனக்கும் பங்கு இருந்தால் அதை யாருக்காகவோ சொல்கிறேன் என்று எப்படி நம்புவது? இன்னொன்றும் இருந்தது. காலையில் நான் சொன்னது நடக்கவில்லை என்பதை நாலு பேர் பார்த்திருந்தார்கள். இப்போது ஒரு கண்கட்டு வேலையில் அது சரியாகிவிட்டால் ராமலிங்கம் வாயால் ஏற்றுக்கொள்வார், மனதில் வைத்துக்கொள்வார். முருகையன் மிச்ச நாளெல்லாம் அந்தச் சந்தேகத்தை ஏற்றிக்கொண்டுதான் வண்டி ஓட்ட வேண்டும். கண்ணால் பார்க்கக்கூடிய ஒரே சாட்சி அந்தப் பச்சைக் களிம்புதான். அதை வெட்டி எறிந்துவிட்டு அவரை எப்படிக் காப்பாற்றுவேன்?

"அண்ணே, என் தப்ப நான் மொதல்ல சொல்றேன். உங்களுத நீங்க சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா நான்தான் சொல்வேன், அது நல்லாருக்காது" என்றேன்.

அவர் வயரை விட்டார். மஞ்சள் துணியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ராமலிங்கம் வெற்றிலை போட்டுக்கொண்டே வந்தார். "எங்க பேப்பர்?"

"சார், காலைல நான் சொன்னது தப்பு" என்றேன். மறுபடி பட்டறை நடுவில் நின்று, மறுபடி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. இரண்டாவது முறை குரல் எழும்பக் கொஞ்சம் நேரமாகிறது. "சென்சார் கெட்டுப் போகல. பழசையே மாட்டிட்டேன், புதுசுக்கு நீங்க ஒண்ணும் தர வேணாம். கோளாறு வயர்ல. இங்க வந்து பாருங்க."

வந்தார். குனிந்து பார்த்தார். இந்த இணைப்பு இருக்கும்போது ஒன்பது டிகிரி, நடுவில் நல்ல கம்பி ஒன்றை வைத்தால் நாற்பத்திரண்டு. நான் விளக்காமல் அவர் கையிலேயே கம்பியைக் கொடுத்து வைக்கச் சொன்னேன். வைத்தார், எடுத்தார், வைத்தார். மூன்றாம் முறை தானாகவே செய்தார். நாற்பத்திரண்டு, ஒன்பது, நாற்பத்திரண்டு.

"எவன் போட்டது இந்த முறுக்கு?" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அன்று நான் செய்ததிலேயே சரியான காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"நாந்தாங்க" என்றார் முருகையன். சொன்னார். வைக்கோல் போர், தார்ப்பாய், மஞ்சள் விளக்கு, திருச்சி. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

ராமலிங்கம் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தியிருந்தார். "ஏன்டா, இத்தன நாளா ஏண்டா சொல்லல?"

"நீங்க அதக் கேக்கலியேங்க. திருடுனியான்னுதானே கேட்டீங்க."

ஃபோர்மேன் ஸ்பேனரைக்கூடக் கீழே வைக்காமல் நின்றார். ராமலிங்கம் வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார். "சரி. ஏறு, போவோம்" என்றார்.

முருகையன் ஏறவில்லை. சாவியை எடுத்துக் காரின் கூரைமேல் வைத்தார். கீறல் விழாமல் மெதுவாகத்தான் வைத்தார்.

"கூட்டுறவு சங்கத்து வாசல்ல, உரத்துக்கு நின்ன அவ்வளவு பேரு முன்னாடி என்னத் திருடன்னு சொன்னீங்க. இங்க பட்டுக்கோட்டைல இல்லன்னு ஆயி எனக்கு என்ன ஆவப்போவுது? எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க. அன்னைக்கு வந்து சாவியத் தொடுறேன்." எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அவர் அப்பா களத்து வாசலில் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

நான் இணைப்பைப் புதிதாகப் பற்றவைத்தேன். பணிச் சீட்டில் நடந்ததை நடந்தபடி எழுதினேன்: எலி கடித்த வயர், முறுக்கிய இணைப்பு, களிம்பு, அதனால் கூடுதல் பெட்ரோல். முதலில் சென்சாரை மாற்றியது என் தவறு என்றும் எழுதினேன். அப்படி எழுத அந்தச் சீட்டில் இடமே கிடையாது, ஓரத்தில் எழுதினேன். ராமலிங்கம் அதை வாங்கிப் பார்க்காமலேயே மடித்தார். "அந்த வெட்டுன துண்டு எங்கம்மா?" என்று கேட்டார். குப்பைக்குப் போகவிருந்த பச்சை முறுக்கைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். தானே ஓட்டிக்கொண்டு போனார். கேட்டைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை எஞ்சினை அணையவிட்டுவிட்டார்.

கழற்றிய எதையும் நான் அதன் பிறகு கேட்காமல் எறிவதில்லை. நீங்களும் எறியாதீர்கள்.

மூன்று வாரம் கழித்து அந்த வெள்ளைக் கார் சர்வீஸுக்கு வந்தது. பின்சீட்டில் யாரும் இல்லை. இறங்கியவர் தோளில் மஞ்சள் துணி. நான் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

"என்னாண்ணே ஆச்சு?"

முருகையன் சிரித்தார். "சங்கத்துல உரம் வந்த அன்னைக்கு வந்தாரு. வரிசைல நானும் நிக்கிறேன். படில ஏறி நின்னுக்கிட்டு அந்த வயரத் தூக்கிக் காட்டுறாரு. 'இங்க பாருங்கடா, இந்த வயர்ல குளுரு பூந்துக்கிச்சு. குளுரு பூந்தா எஞ்சின் பெட்ரோல எடுத்துப் போத்திக்கும்'னாரு. ஒருத்தன் வரிசையிலேர்ந்து, 'சித்திரையில ஏதுங்க குளுரு?'ன்னான். 'அதாண்டா கோளாறே! எலி வயரக் கடிச்சுச்சு, நான் முருகையனக் கடிச்சுட்டேன். அவன் ஒரு சொட்டுத் திருடல'ன்னு சொல்லிட்டு எறங்கி வந்து, வரிசைல எனக்குப் பின்னாடி நின்னுக்கிட்டாரு."

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். வயருக்குள் குளிர் புகாது. எஞ்சின் எதையும் போர்த்திக்கொள்ளாது. அந்த ஒரு பேச்சில் எத்தனை பிழை என்று என் டிப்ளமோ எண்ண ஆரம்பித்துவிட்டது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு முருகையன் கேட்டார்: "ஏன் தங்கச்சி, ஐயா ஏதும் தப்பாச் சொல்லிட்டாரா?"

"இல்லண்ணே" என்றேன். "எல்லாம் சரியாத்தான் சொல்லியிருக்காரு."